கையொப்பமிட மட்டும் ஒரு கணினி

பிட்காயினை எந்தப் பென்டிரைவில் போட்டு வைத்தால் பாதுகாப்பாக இருக்கும் என்று கேட்பவர்களுக்கு நான் சொல்லும் பதில் எப்போதும் ஒன்றுதான்: எந்தப் பென்டிரைவிலும் போட்டு வைக்காதீர்கள். பூட் செய்யக்கூடிய, அதாவது கணினியை அதிலிருந்தே தொடங்கக்கூடிய பென்டிரைவையும், இணையத்தோடு இணையாத தனி மடிக்கணினியையும் நான் பல ஆண்டுகளாகப் பயன்படுத்தி வருகிறேன். பெரிய தொகை வைத்திருக்கும் நண்பர்களுக்கும் அவற்றையே பரிந்துரைக்கிறேன். ஆனால் ரகசிய எண்ணான தனிச்சாவியை வெளியே எடுத்து, ஒரு பரிவர்த்தனையில் கையொப்பமிட்டு, மறுபடியும் மறைத்து வைக்கும் அந்தச் சில நிமிடங்களுக்கு மட்டுமே அவை உரியவை. வேலை முடிந்து கணினியை அணைத்தபின் அதற்குள் எதுவும் மிஞ்சியிருக்கக் கூடாது. இதை ஏற்றுக்கொண்டால் எந்த இயங்குதளம், எந்தக் கணினி, எதை எங்கே எழுதி வைப்பது என்ற மற்றக் கேள்விகளுக்கெல்லாம் விடை கிடைத்துவிடுகிறது.

புதியவர்களுக்காக அடிப்படையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நாணயம் நம் கணினியில் இருப்பதில்லை. அது உலகம் முழுவதும் பிரதியெடுத்து வைக்கப்பட்டிருக்கும் பேரேட்டில் ஒரு பதிவு. நம்மிடம் இருப்பது அந்தப் பதிவை வேறு முகவரிக்கு மாற்ற அதிகாரம் தரும் 256 பிட் நீளமுள்ள ஓர் எண்; அதுவே தனிச்சாவி, அதைக் கொண்டு ஒப்புதல் தருவதே கையொப்பம். 2013இல் முன்வைக்கப்பட்ட பிஐபி 39 என்ற முறைப்படி, 2048 சொற்கள் கொண்ட ஒரு பட்டியலிலிருந்து 12 அல்லது 24 சொற்களை வரிசையாக எழுதிவைத்தால், அவற்றிலிருந்து எத்தனை சாவிகளை வேண்டுமானாலும் மறுபடியும் உருவாக்கிக்கொள்ளலாம். சீட் ஃபிரேஸ் என்று பரவலாக வழங்கும் இந்த விதைச்சொற்களைப் படித்தவர் யாராயினும் அவரே உரிமையாளர். முறையிட ஒரு வங்கிக் கிளையோ, மாற்றிக் கேட்க ஒரு கடவுச்சொல்லோ இங்கே கிடையாது.

அன்றாடம் பயன்படுத்தும் கணினியில் இந்தச் சொற்களைத் தட்டச்சு செய்யக் கூடாது என்று நான் பிடிவாதமாகச் சொல்வதற்குக் காரணங்கள் உண்டு. நகலெடுத்த முகவரியை ஒட்டும் நொடியில் திருடனின் முகவரியாக மாற்றிவிடும் தீநிரல்கள் நெடுங்காலமாகப் புழக்கத்தில் உள்ளன. கைப்பேசியின் புகைப்படத் தொகுப்பில் உள்ள படங்களிலிருந்து எழுத்துகளைப் படித்து விதைச்சொற்களைத் தேடியெடுக்கும் ஸ்பார்க்கேட் என்ற தீநிரல், கூகுள் பிளே, ஆப்பிள் ஆப் ஸ்டோர் ஆகிய இரண்டிலும் இருந்த செயலிகளுக்குள் ஒளிந்திருந்ததைக் காஸ்பர்ஸ்கி நிறுவனம் 2025 பிப்ரவரியில் வெளிப்படுத்தியது. குறியாக்கம் செய்து வைத்தால் போதாதா என்று கேட்பவர்கள் லாஸ்ட்பாஸ் நிகழ்வை நினைவில் கொள்ளவேண்டும். அந்தக் கடவுச்சொல் மேலாண்மை நிறுவனத்திலிருந்து வாடிக்கையாளர்களின் குறியாக்கப் பெட்டகங்கள் 2022இல் திருடப்பட்டன. அதன்பின் நடந்த பல கிரிப்டோ களவுகளை ஆய்வாளர்கள் அந்தப் பெட்டகங்களோடு தொடர்புபடுத்தினார்கள். திருடியவர்கள் அவசரப்படவேண்டிய தேவை இல்லை. கோப்பு அவர்கள் கையில் இருக்கிறது; கடவுச்சொல்லை ஊகிக்க ஆண்டுக்கணக்கில் முயலலாம்.

கிரிப்டோ வாங்கி விற்கும் எக்ஸ்சேஞ்சிலேயே விட்டுவைப்பது எளிது என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் 2024 ஜூலை 18 அன்று வாசிர்எக்ஸ் நிறுவனத்திலிருந்து 23 கோடி டாலருக்கு மேல் களவுபோனதும், இந்தியப் பயனர்கள் தங்கள் கிரிப்டோவை ஓராண்டுக்கும் மேலாக வெளியே எடுக்க முடியாமல் தவித்ததும் இன்னும் பழங்கதை ஆகிவிடவில்லை. அந்தக் களவில் என்னை அதிகம் யோசிக்க வைத்தது தொகையல்ல, அது நடந்த விதம். பல பேர் கையொப்பமிட்டால் மட்டுமே பணம் நகரும் ஏற்பாடு அங்கே இருந்தது. திரையில் காட்டப்பட்ட பரிவர்த்தனையும் உண்மையில் கையொப்பமிடப்பட்ட பரிவர்த்தனையும் வேறுவேறாக இருந்தன என்று அந்நிறுவனம் பின்னர் கூறியது. 2025 பிப்ரவரி 21 அன்று பைபிட் எக்ஸ்சேஞ்சிடமிருந்து ஏறத்தாழ 150 கோடி டாலர் மதிப்புள்ள ஈதர் என்ற கிரிப்டோ நாணயம் திருடப்பட்டதும் இதே வழியில்தான். கையொப்பத்துக்கு அவர்கள் பயன்படுத்திய சேஃப் என்ற சேவையின் மென்பொருளாளர் ஒருவரின் கணினிக்குள் நுழைந்தவர்கள் அதன் இணையப் பக்கத்தின் நிரலை மாற்றிவிட்டார்கள். பொறுப்பானவர்கள் சரியான முகவரியைத் திரையில் பார்த்துக்கொண்டே தவறான ஒன்றில் கையொப்பமிட்டார்கள். சாவி யாருடைய கையிலிருந்தும் பறிக்கப்படவில்லை. சாவியை ஒளித்துவைத்தால் மட்டும் போதாது, எதில் கையொப்பமிடுகிறோம் என்பதை நம்பத்தகுந்த ஒரு திரையில் படித்தாகவேண்டும் என்பதற்கு இவற்றைவிடப் பெரிய சான்று எனக்குத் தெரியவில்லை. தனிக் கணினியின் முதல் பயனாக நான் கருதுவது அந்தத் திரையைத்தான்.

பூட் செய்யும் பென்டிரைவுக்கு நான் தேர்ந்தெடுத்திருப்பது டெயில்ஸ் இயங்குதளம். டெபியன் லினக்ஸை அடிப்படையாகக் கொண்டு 2009 முதல் வெளிவந்துகொண்டிருக்கும் இது, 2024இல், இணையத்தில் அடையாளத்தை மறைக்க உதவும் டோர் அமைப்போடு இணைந்தது. 8 ஜிபி பென்டிரைவ் ஒன்று இருந்தால் போதும். கணினியின் வன்தட்டைத் தொடாமல் முழுக்க நினைவகத்திலேயே இயங்கி, அணைத்தவுடன் எல்லாவற்றையும் மறந்துவிடும்படி இது வடிவமைக்கப்பட்டிருக்கிறது. சாதாரண இயங்குதளங்களில் நினைவகத்தின் பகுதிகள் நமக்குத் தெரியாமலேயே வன்தட்டில் எழுதப்படலாம். கணினியை உறங்க வைத்தால் நினைவகம் முழுவதுமே வன்தட்டில் பதியலாம். எஸ்எஸ்டி தட்டுகளில் அழித்தது உண்மையிலேயே அழிந்ததா என்பதை உறுதிசெய்வது கடினம். டெயில்ஸில் இந்தக் கவலைகள் இல்லை. தொடக்கத் திரையிலேயே வலைத் தொடர்பு முழுவதையும் முடக்கும் வசதி இருக்கிறது; எலக்ட்ரம் என்ற பிட்காயின் பணப்பை மென்பொருளும் அதனுடனேயே வருகிறது.

டெயில்ஸில் பென்டிரைவின் ஒரு பகுதியைக் குறியாக்கம் செய்து, பணப்பைக் கோப்பை அதிலேயே நிரந்தரமாக வைத்துக்கொள்ளும் வசதியும் உண்டு. கையொப்பமிடும் பென்டிரைவில் நான் அதைத் திறப்பதில்லை. ஒவ்வொரு முறையும் சொற்களைத் தட்டச்சு செய்யவேண்டியிருக்கிறதே என்று சிலர் அலுத்துக்கொள்கிறார்கள். ஆண்டுக்கு ஓரிரு முறை மட்டும் தொடவேண்டிய சேமிப்புக்கு அந்த அலுப்பு நல்லதென்றே நினைக்கிறேன். நிரந்தரக் கோப்பு இருந்தால், சொற்களை எங்கே வைத்தோம் என்பதையே மனம் மறந்துவிடுகிறது. பிறகு பென்டிரைவ் பழுதாகும் நாளில்தான் தாளைத் தேடத் தொடங்குவோம். மின்னேற்றத்தைத் தேக்கிவைத்து நினைவில் கொள்ளும் பென்டிரைவின் சில்லு ஆண்டுக்கணக்கில் மேசை இழுப்பறையில் கிடந்தால், தானாகவே தகவலை இழக்கக்கூடும் என்பதையும் மறக்கலாகாது.

எதைக் கொண்டு சாவியை உருவாக்குகிறோம் என்பதற்கு வருகிறேன். பலரும் விரைந்து கடந்துபோகும் இந்த இடத்தில்தான் நான் அதிக நேரம் செலவிட்டிருக்கிறேன். லிப்பிட்காயின் எக்ஸ்புளோரர் என்ற கட்டளைவழி மென்பொருளின் மூன்றாம் தலைமுறைப் பதிப்புகளில் விதை உருவாக்கும் கட்டளை ஒன்று இருந்தது. அது கணினிக் கடிகாரத்திலிருந்து வெறும் 32 பிட் அளவு தற்செயலை (ஊகிக்க முடியாத தன்மையை) மட்டுமே எடுத்துக்கொண்டது. 32 பிட் என்றால் மொத்தம் 429 கோடிச் சாத்தியங்கள். ஒரு நல்ல கணினி அவை அனைத்தையும் வரிசையாக உருவாக்கி, எதில் பணம் இருக்கிறதென்று பார்த்துவிடும். 2023 ஜூலையில் திருடர்கள் அப்படியே பார்த்து, இந்தக் கருவியால் உருவான பணப்பைகளைத் துடைத்தெடுத்தார்கள். மில்க் சேட் என்ற பெயரில் அடுத்த மாதம் வெளியான ஆய்வு இந்தக் குறையை உலகுக்கு அறிவித்தது. அந்தக் கட்டளையை இணையமே இல்லாத கணினியில், கதவைச் சாத்திக்கொண்டு இயக்கியிருந்தாலும் விளைவு மாறியிருக்காது. சொற்கள் 24 இருந்தன, வரிசை சரியாக இருந்தது, பார்க்கும் கண்ணுக்கு எந்தக் குறையும் தெரியவில்லை. 2013 ஆகஸ்டில் ஆண்ட்ராய்டின் தற்செயல் எண் உருவாக்கத்தில் இருந்த பிழையாலும் பிட்காயின்கள் திருடுபோயின. பிணையத்தைத் துண்டித்தால் சாவி வெளியே போகாது என்பது உண்மை. பலவீனமாகப் பிறந்த சாவி வெளியே போகவேண்டிய அவசியமே இல்லை.

இதற்கு நான் நம்பும் மருந்து பகடை. நன்கு உருளும் ஆறுமுகப் பகடையின் ஒவ்வோர் உருட்டலும் ஏறத்தாழ 2.58 பிட் தற்செயலைத் தருகிறது. 50 உருட்டல்கள் 12 சொற்களுக்குத் தேவையான 128 பிட்டைத் தாண்டிவிடும், 24 சொற்களுக்கு நூறு உருட்டல்கள் போதும். அவற்றை ஏற்றுச் சொற்களாக மாற்றித்தரும் வெளிப்படை மூலநிரல் கருவிகள் இருக்கின்றன; இணையம் துண்டிக்கப்பட்ட டெயில்ஸில் இயக்கி, அதே எண்களை வேறொரு கருவியிலும் கொடுத்து இரண்டும் ஒரே சொற்களைத் தருகின்றனவா என்று பார்க்கலாம். லினக்ஸ் கருநிரலின் தற்செயல் எண் உருவாக்கம் தரமானதுதான். சிறிய தொகைக்கு எலக்ட்ரம் தானாகத் தரும் சொற்களே போதுமென்று தயங்காமல் சொல்வேன். வாழ்நாள் சேமிப்பு என்றால், சரிபார்க்க முடிந்த ஒன்றை ஏன் நம்பிக்கைக்கு விடவேண்டும் என்பதே என் கேள்வி. ஒரு நுட்பத்தை மட்டும் கவனத்தில் வையுங்கள்: எலக்ட்ரம் தானாக உருவாக்கும் சொற்கள் பிஐபி 39 முறைக்கு உட்பட்டவை அல்ல, அவற்றைப் பெரும்பாலான மற்றப் பணப்பைகள் ஏற்றுக்கொள்வதில்லை. எந்த முறையில் உருவாக்கினோம் என்பதையும் சொற்களோடு சேர்த்து எழுதிவைக்க வேண்டும்.

மென்பொருளை எங்கிருந்து இறக்கினோம் என்பதும் அவ்வளவே முக்கியம். 2018 டிசம்பரில் எலக்ட்ரம் வலையமைப்புக்குள் போலி வழங்கிகளை நுழைத்தவர்கள், பணம் அனுப்ப முயன்றவர்களுக்குப் புதிய பதிப்பை நிறுவச் சொல்லும் செய்தியைப் பணப்பையின் திரையிலேயே காட்டினார்கள். அதை நம்பி நிறுவியவர்கள் பணத்தை இழந்தார்கள். டெயில்ஸ் கோப்பை அதன் சொந்தத் தளத்திலிருந்து மட்டும் இறக்கி, வெளியீட்டாளர்களின் எண்மக் கையொப்பத்தைச் சரிபார்த்த பிறகே பென்டிரைவில் எழுத வேண்டும். அந்தக் கையொப்பச் சாவியும் களவுபோகலாம் என்று யாரேனும் சொன்னால் அதைக் கற்பனையென்று தள்ளாதீர்கள். பிட்காயின் கோர் மென்பொருளின் நெடுநாள் பங்களிப்பாளர் லூக் டாஷ்ஜர், தம் பிஜிபி கையொப்பச் சாவி பிறர் வசமாகிவிட்டதையும் தம் பிட்காயின்கள் திருடப்பட்டதையும் 2023 ஜனவரி 1 அன்று அறிவித்தார். இழப்பு 200 பிட்காயின்களுக்கு மேல். அத்தனை அறிந்தவருக்கே நேர்ந்தது. ஆகவே, புதிய பதிப்பு வந்த நாளன்றே அதை எழுதிக்கொள்ளாமல் சில வாரங்கள் பொறுப்பது என் வழக்கம். இணையத்துக்கே போகாத பென்டிரைவுக்குப் பொறுத்திருப்பதால் பெரிய நட்டம் இல்லை.

இனி, பென்டிரைவ் மட்டும் போதுமா, தனிக் கணினியும் வேண்டுமா என்ற கேள்வி. வீட்டுக் கணினியை டெயில்ஸ் பென்டிரைவிலிருந்து தொடங்கினால் விண்டோஸில் இருக்கும் தீநிரல்கள் உறங்கிவிடும். ஆனால் இயங்குதளத்துக்குக் கீழே, தாய்ப்பலகையின் நிலைநிரலில் (ஃபர்ம்வேரில்) குடியேறியவை உறங்கமாட்டா. அப்படிப்பட்ட லோஜாக்ஸ் என்ற ஒன்று உண்மைத் தாக்குதலில் பயன்பட்டதை ஈசெட் நிறுவனம் 2018இல் கண்டறிந்தது. சாதாரண மனிதரைத் தேடி இத்தகைய தாக்குதல் வருவது அரிது என்பதால், மிதமான தொகைக்குப் பென்டிரைவே போதும் என்பது என் தீர்ப்பு. தொகை வளர்ந்தால் தனிக் கணினிக்கு மாறிவிடுங்கள். அதற்குப் புதிய கணினி தேவையில்லை. சென்னை ரிச்சி தெருவில் கிடைக்கும் பழைய திங்க்பேட் போன்ற, எளிதில் திறக்கக்கூடிய மடிக்கணினி போதும். பின்மூடியின் திருகாணிகளைக் கழற்றி வைஃபை அட்டையையும் வன்தட்டையும் எடுத்துவிட வேண்டும். பல மாதிரிகளில் புளூடூத்தும் அதே அட்டையில்தான் இருக்கிறது. தனியாக இருந்தால் அதையும் நீக்கவேண்டும். மென்பொருளில் முடக்குவதைவிட, இல்லாத அட்டையை யாராலும் இயக்க முடியாது என்ற நிலை எனக்கு நிம்மதி தருகிறது. பழைய கணினியில் முன்பு என்ன இருந்ததோ என்ற ஐயம் நியாயமானதே. ஆனால் வெளியே பேச வழியில்லாத கணினியில் அந்த ஐயத்தின் கூர்மை பெரிதும் மழுங்கிவிடுகிறது. பேட்டரியையும் கழற்றிவிட்டு மின்னிணைப்பில் மட்டும் இயக்குங்கள். மாதக்கணக்கில் சும்மா கிடக்கும் லித்தியம் பேட்டரி உப்பிக்கொள்வது வழக்கமான தொல்லை.

மடிக்கணினி பெரிதாகத் தோன்றுபவர்களுக்கு சீட்சைனர் நல்ல மாற்று. வைஃபையும் புளூடூத்தும் இல்லாத ராஸ்பெர்ரி பை ஜீரோ 1.3 பலகை, ஒரு சிறு கேமரா, ஒரு சிறு திரை ஆகியவற்றைக் கொண்டு நாமே அமைத்துக்கொள்வது அது. தொடங்கியபின் மெமரி கார்டை வெளியே எடுத்துவிடலாம். அணைத்தால் எதுவும் எஞ்சாது. நான் மேலே வற்புறுத்திய கொள்கையை உள்ளங்கை அளவில் செய்து காட்டியிருக்கிறார்கள்.

இணையமில்லாத கணினி எப்படிப் பணம் அனுப்பும்? எலக்ட்ரமில் இதற்கு நேரிய வழி இருக்கிறது. தனிக் கணினியில் விதைச்சொற்களிலிருந்து பெறும், முகவரிகளைக் காட்ட மட்டும் பயன்படும் முதன்மைப் பொதுச்சாவியை மட்டும் அன்றாடக் கணினிக்குக் கொண்டுவந்தால், அங்கே பார்க்க மட்டும் முடிந்த பணப்பை ஒன்று உருவாகும். இருப்பைப் பார்க்கலாம், பெறும் முகவரிகளைத் தரலாம், செலவழிக்க முடியாது. அனுப்ப வேண்டும்போது அங்கே கையொப்பமில்லாத பரிவர்த்தனையைத் தயாரித்து, தனிக் கணினிக்குக் கொண்டுபோய், கையொப்பமிட்டு, திரும்பக் கொண்டுவந்து வலையமைப்புக்கு அனுப்புவோம். முதன்மைப் பொதுச்சாவி பிறர் கைக்குப் போனால் பணம் போகாது. ஆனால் நம்முடைய எல்லாக் கணக்கு விவரமும் அவர்களுக்குத் தெரிந்துவிடும். அதனுடன் சேர்ந்து ஒரே ஒரு முகவரியின் தனிச்சாவியும் வெளிப்பட்டால், பிற தனிச்சாவிகளையும் கணக்கிட்டுவிட முடியும் என்பதால், தனித்தனி முகவரிகளின் சாவியை ஒருபோதும் வெளியே எடுக்காதீர்கள்.

கொண்டுபோய்க் கொண்டுவருவதற்கு நான் விரும்புவது க்யூஆர் குறி. ஈரானின் நத்தன்ஸ் அணு நிலையத்தில், வெளியுலகத் தொடர்பற்றிருந்த கணினிகளுக்குள் 2010இல் வெளிச்சத்துக்கு வந்த ஸ்டக்ஸ்நெட் பரவியது பென்டிரைவ் வழியாகத்தான். திரையில் காட்டிய குறியைக் கேமரா படிக்கும்போது என்ன கடந்துபோகிறது என்பது நம் கண்முன்னே இருக்கிறது. குறை ஒன்றுண்டு: ஒரு க்யூஆர் குறிக்குள் அதிகபட்சம் 2953 பைட்டுகளே அடங்கும். சிறுசிறு தொகைகளாகப் பலமுறை பெற்றதைச் சேர்த்து அனுப்பும் பரிவர்த்தனை அதைத் தாண்டிவிடும். அப்போது இதற்கென்றே ஒதுக்கிய ஒரு மெமரி கார்டைப் பயன்படுத்துகிறேன். வேறெதற்கும் அதைத் தொடுவதில்லை.

கையொப்பமிடுவதற்கு முன் தனிக் கணினியின் திரையில் நிதானமாகப் படிக்க வேண்டியவை மூன்று: போகும் முகவரி, தொகை, கட்டணம். முகவரியின் முதல் நான்கு எழுத்தையும் கடைசி நான்கு எழுத்தையும் மட்டும் பார்ப்பவர்களை ஏமாற்றவென்றே, அதே எழுத்துகளில் தொடங்கி முடியும் முகவரிகளைத் திருடர்கள் உருவாக்குகிறார்கள். முழுவதையும் படியுங்கள். மீதித் தொகை திரும்பி வரும் முகவரி நம்முடையதுதானா என்பதையும் பாருங்கள். எலக்ட்ரம் நம் சொந்த முகவரிகளை நிறமிட்டுக் காட்டும். பெறுபவர் தந்த முகவரியை மின்னஞ்சலில் வந்தபடியே நம்பாமல், தொலைபேசியில் வாசிக்கச் சொல்லிக் கேட்பது எனக்குப் பழகிவிட்டது.

சொற்கள் இருக்கவேண்டிய இடம் தாளும் உலோகமும். தாளில் பென்சிலால் எழுதியது நீரில் அதிகம் கரையாது, ஆனால் தாள் கிழியும், எரியும், கரையானுக்கு இரையாகும். 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையில் எத்தனை வீட்டுப் பத்திரங்கள் கூழாயின என்பதை அறிந்தவர்கள் உலோகத்தின் பக்கம் சாய்வார்கள். எவர்சில்வர் பாத்திரங்களில் பெயர் வெட்டும் சிறு மின்கருவி இருந்தால், ஒரு தகட்டில் நாமே பொறித்துக்கொள்ளலாம். பிஐபி 39 ஆங்கிலப் பட்டியலில் முதல் நான்கு எழுத்துகளே ஒவ்வொரு சொல்லையும் தனித்துக் காட்டிவிடும் என்பதால் முழுச் சொல்லையும் பொறிக்கவேண்டியதில்லை. பாத்திரக்கடையில் கொடுத்து வெட்டச் சொல்லாதீர்கள், புகைப்படம் எடுக்காதீர்கள், நகல் எடுக்கும் கடைக்குக் கொண்டுபோகாதீர்கள். இரண்டு தகடுகள், இரண்டு வேறு வீடுகளில். சொற்களைப் பாதிப்பாதியாகப் பிரித்து வைக்கும் யோசனையை நான் ஏற்பதில்லை. 12 சொற்களில் ஆறு தெரிந்தவனுக்கு எஞ்சிய வேலை பாதியாவதில்லை, பல கோடி கோடி மடங்கு எளிதாகிவிடுகிறது. நமக்கோ இரண்டில் ஒன்று தொலைந்தாலே எல்லாம் தொலையும். கூடுதல் காவல் வேண்டுமென்றால் சொற்களோடு சேர்த்துப் பயன்படுத்தும் கடவுத்தொடர் ஒன்றை அமைத்து வேறிடத்தில் வைக்கலாம். அதை மறந்தால் மீட்பே கிடையாது என்பதால் அதுவும் எழுத்தில் இருக்கவேண்டும்.

முழுத் தொகையையும் அனுப்புவதற்கு முன், சிறு தொகை ஒன்றை அனுப்பிவிட்டு, கணினியை அணைத்து, தகட்டில் பொறித்ததை மட்டும் பார்த்துப் பணப்பையை மறுபடியும் உருவாக்கி, அந்தச் சிறு தொகையைத் திருப்பி அனுப்பிப் பாருங்கள். இந்த ஒத்திகை முடியாதவரை உங்களிடம் சேமிப்பு இருக்கிறது என்று நான் ஒப்புக்கொள்ளமாட்டேன். ஒரு சொல்லை மாற்றி எழுதியிருந்தால் தெரிய வரவேண்டிய நாள் இன்றுதான்.

இந்த ஏற்பாடு பிட்காயினுக்குப் பொருந்துவதுபோல எல்லாவற்றுக்கும் பொருந்தாது. ஈதர் நாணயத்தின் வலையமைப்பான ஈதரியத்தில், தானே இயங்கும் ஒப்பந்த நிரல்களோடு அடிக்கடி ஊடாடுபவர்கள் கையொப்பமிடுவது பெரும்பாலும் மனிதர் எளிதில் படிக்க முடியாத தரவில். தனிக் கணினியாலும் அதை முழுவதும் விளக்கிக்காட்ட முடியாது. அங்கே புழங்கும் தொகையைத் தனியாகவும் சிறியதாகவும் வைத்துக்கொண்டு, நெடுநாள் சேமிப்பை அதிலிருந்து பிரித்துவிடுவதே வழி.

கடைசியாகக் குடும்பம். நான் எழுதிவைத்திருக்கும் கடிதத்தில் விதைச்சொற்கள் இல்லை. தகடுகள் யார் யாரிடம் இருக்கின்றன, எந்த மென்பொருளில் எந்த முறையில் உருவாக்கப்பட்டது, விதைச்சொற்களிலிருந்து சாவிகள் கிளைக்கும் பாதை எது, கடவுத்தொடர் உண்டா, சரியாகத் திறந்தால் முதலில் காணவேண்டிய முகவரி எது, விதைச்சொற்களை யாரும் வந்து ‘நான் மீட்டுத் தருகிறேன்’ என்று கேட்டால் ஏன் கொடுக்கக் கூடாது ஆகியவை இருக்கின்றன. கணினியே தெரியாத என் மனைவி அந்தக் கடிதத்தை வைத்துக்கொண்டு, நான் பக்கத்தில் வாய் திறக்காமல் உட்கார்ந்திருக்க, ஒத்திகைத் தொகையை அவரே மீட்டெடுத்தார். அவர் தடுமாறிய இடங்களையெல்லாம் கடிதத்தில் திருத்தி எழுதியிருக்கிறேன். டெயில்ஸின் தொடக்கத் திரை மாறும்போதெல்லாம் மறுபடியும் அவரிடம் கொடுத்துச் செய்து பார்க்கச் சொல்கிறேன்.